இருபத்தாறாவது முடக்கு

"மலையேறுறவன் ரெண்டு மூச்சு வாங்கணும், ஒண்ணு தனக்கு, இன்னொண்ணு..." என்று தவசியின் அப்பா சொல்வார். அந்த இன்னொன்று யாருக்கு என்பதுதான் தவசிக்கு ஞாபகமில்லை. குதிரைக்கு என்று சொன்னாரோ, மலைக்கு என்று சொன்னாரோ, மேலே காத்திருக்கிறவர்களுக்கு என்று சொன்னாரோ, சரியாக அந்த இடம் வரும்போது அவருக்கு இருமல் வந்துவிடும். ஏழு மட்டக்குதிரைகளையும் அந்தப் பாதி வாக்கியத்தையும் மகனுக்கு விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிவிட்டது.

ஏழுமுடக்கு என்று ஊருக்குப் பெயர் வந்ததே பாதையால்தான். பழனி மலையின் தெற்குச் சரிவில், அடிவாரத்துத் தார்ரோடு முடிகிற இடத்திலிருந்து குதிரைப்பாதை ஏழு தடவை மடங்கி மேலே போகும். ஏழாவது முடக்கைத் தாண்டினால் முதல் வீட்டின் தகரக்கூரை தெரியும். காலையில் பூண்டும் ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் இறங்கும், சாயங்காலம் உப்பும் அரிசியும் மருந்தும் ஏறும். ஏழாவது முடக்கில் குதிரைகள் யாரும் சொல்லாமலே நிற்கும், பிடரியைச் சிலுப்பும், மூத்திரம் பெய்யும், தவசி ஒரு பீடி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து பிறகு தாமாகவே நடக்கும். அப்படி ஒரு ஆனி அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் அவை நின்று, சிலுப்பி, நடந்து திரும்பியபோது, தகரக்கூரை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு முடக்கு இருந்தது. அங்கே கசிகிற பாறையும், பாறையில் பல வருஷத்துப் பாசியும், தாத்தா காலத்திலிருந்தே அங்கே நிற்பதுபோல் ஒரு நாவல் மரமும் இருந்தன. முன்னால் போகிற கிழட்டுப் பெண்குதிரை சிட்டு, பாதையை ஒரு தடவை பார்த்தது, தவசியை ஒரு தடவை பார்த்தது, ஏறியது. குதிரையே ஏறும்போது தனக்கு மட்டும் என்ன வந்தது என்று அவனும் ஏறினான்.

ஊர் வாசலில் ஒரு தட்டைப்பாறை கிடக்கிறது. அதற்கு மூச்சுக்கல் என்று பெயர். ஏறி வருகிறவன் அதில் உட்கார்ந்து மூச்சு அடங்கின பிறகுதான் பேச வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன சொல் ஏழுமுடக்கில் சொல்லே இல்லை. எந்தக் காலத்திலோ ஒருவன் இரைக்க இரைக்க வந்து நின்று தன் மகளை யாருக்கோ தருவதாக ஒத்துக்கொண்டு, மூச்சு அடங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். அன்றிலிருந்து அப்படி. ஆகவே தவசி கல்லில் கையை ஊன்றிக்கொண்டு, "எட்டாவதா... ஒரு முடக்கு... வந்திருக்கு" என்று சொன்னபோது, அங்கே நின்றிருந்த ஊர்த்தலைவர் மன்னாடி சடையப்பன், "இரைப்போட சொன்னா நான் எதுக்குக் கேக்கணும்? மொதல்ல தண்ணியக் குடிப்பா" என்றார். தண்ணீர் குடித்து மூச்சு அடங்கினபோது பொதி இறக்க வேண்டியிருந்தது, குதிரைகளுக்குக் கொள்ளு வைக்க வேண்டியிருந்தது, ஒரு முடக்கு என்பது தவசிக்கே அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. அடுத்த அமாவாசைக்கு ஒன்பதாவது வந்தது. அதையும் அவன் இரைத்துக்கொண்டுதான் சொன்னான். மலை மாதம் ஒரு முடக்கு உயர்ந்துகொண்டிருக்கிறது என்கிற சேதியை, அதை அறிந்த ஒரே மனிதன் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதால், ஊர் நாலு மாதம் கேட்கவே இல்லை.

கடைசியில் ஊருக்குச் சேதி சொன்னது சோறுதான். உலை சீக்கிரமே தளதளவென்று கொதித்தது, ஆனால் அரிசி வேகவில்லை. துவரம்பருப்பு அரைநாள் கொதித்தும் துவரம்பருப்பாகவே கிடந்தது. கொதிக்கிற டீயை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்ள முடிந்தது. பெட்டிக்கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் ஊதி ஊதிப் பலூனாகி, ஒரு மத்தியானம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பெண்கள் ஆளுக்கொரு குக்கர் வாங்கிவரும்படி தவசியிடம் சொன்னார்கள். ஒரே வாரத்தில் நாற்பத்திரண்டு குக்கர்கள் மலையேறின. அதற்குப் பிறகு ஏழுமுடக்கின் காலைப்பொழுது முழுக்க விசில் சத்தமாக ஆனது. நாலு விசிலுக்கு வெந்த பருப்பு அடுத்த அமாவாசைக்குப் பிறகு ஐந்து விசில் கேட்டது. அதை வைத்து மலை எவ்வளவு வளர்ந்தது என்று பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே சொன்னார்கள். மலையை அளக்கக் கீழேயிருந்து வந்த ஒருவர் பதினோராவது முடக்கில் தலைசுற்றி உட்கார்ந்து, அங்கேயே வாந்தியெடுத்து, பக்கத்துப் பாறையில் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய பழைய உயரத்தையே எழுதிக்கொண்டு இறங்கிப்போனார்.

ஊர் மாறியது. எப்படி மாறியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, வயசாவதுபோல்தான் மாறியது. முதலில் எல்லோருக்கும் தலைவலி வந்தது, பிறகு போனது. தூக்கத்தில் மூச்சு நின்று, ஊரே ஒரு கணம் செத்துப்போனதுபோல் அமைதியாகி, மறுபடி ஒரே இழுப்பில் திரும்பி வந்தது. உதடுகள் நாவல்பழம் தின்றதுபோல் நீலமாகி, பிறகு மெல்ல மெல்லச் சிவந்தன. தையற்காரர் சட்டைகளின் மார்பைப் பிரித்துப் பிரித்து அகலப்படுத்தினார். ஆடுகளுக்கு வயிற்றடியில் பஞ்சுபோல் மயிர் அடர்ந்தது. குதிரைகளின் விலா பீப்பாய்போல் விரிந்தது. கோழிகள் இரண்டு ஈடு முட்டையைக் கூமுட்டையாக்கிவிட்டு, மூன்றாவது ஈட்டில் சின்னச்சின்ன ஓட்டைகளோடு தடித்த ஓட்டு முட்டைகளை இட்டுப் பொரித்தன. நாதசுரக்காரரால் ஒரு கமகத்தைக்கூட முடிக்க முடியாமல் போனபோது, கல்யாணங்கள் தவிலோடு மட்டும் நடந்தன. சண்டை போடுகிறவர்கள் பாதி வசவில் மூச்சு வாங்கி, எதற்குச் சண்டை என்பதை மறந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன் சிக்னல் மட்டும் மூன்று மாவட்டத்துக் கோபுரங்களிலிருந்தும் பிரமாதமாகக் கிடைத்தது.

ஒரே ஒரு சிக்கல். ஊர் முழுக்க எந்நேரமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால், யார் சொல்லும் சொல்லாக இல்லை. நிலம் கைமாறவில்லை, நிச்சயதார்த்தம் நடக்கவில்லை, கடைக்காரர் "நாளைக்குத் தரேன்" என்று சொன்னால் அதற்குப் பொருளில்லை. இருபதாவது முடக்கு வந்த மாதம் மன்னாடி ஊரைக் கூட்டினார்.

"இனிமே... இரைச்சுக்கிட்டுச் சொன்னாலும்... சொல்லு சொல்லுதான்" என்றார்.

"அதை... நீங்க இரைச்சுக்கிட்டுல்ல... சொல்றீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அது எப்படிச் செல்லும்?"

ஊரே சிரித்து, சிரித்ததால் இன்னும் இரைத்து, கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் தவசியின் மகள் வேம்பு எழுந்தாள். அவளுக்கு அது மூன்றாவது மாதம். வயிற்றுக்குள் இன்னொரு உயிர் வந்துவிட்டால் பெண்ணின் மூச்சு தானாகவே ஆழமாகிவிடும் என்று நர்ஸம்மா ரோஸ்லின் பிறகு விளக்கினாள். ஆனால் அன்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தெளிந்த தண்ணீர்போல் ஒரு இடறலும் இல்லாமல், "இன்னைலருந்து இரைச்சுச் சொன்னாலும் சொல்லு சொல்லுதான். நான் சொல்றேன்" என்று வேம்பு சொல்லி முடித்தாள். இரைக்காத சொல்லை ஊர் எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டது. மன்னாடி கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வழக்கம் அன்றோடு முடிந்தது.

ஆனால் தவசியின் மனைவி மருதாயிக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுடைய ரத்தம் அளவாக ஊறி நின்றுகொண்டபோது அவளுடையது நிற்காமல் ஊறியது. முகம் செம்பருத்தியாகச் சிவந்தது, விரல்கள் மரத்தன, காதுக்குள் வண்டு இரைந்தது. ஊசி குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் சாய்த்துப் பார்த்துவிட்டு ரோஸ்லின் சொன்னாள்: "அண்ணாச்சி, இது ரத்தம் இல்ல, கேப்பக்கூழு. மதினிய எறக்கிருங்க. இங்க வச்சிருந்தா நெஞ்சு அடைச்சிரும்." நாங்குநேரிப் பக்கத்துக்காரி அவள், எட்டாவது முடக்கு வருவதற்கு முந்தின வாரம் வேலைக்கு வந்து சேர்ந்து அப்படியே தங்கிவிட்டவள். மருதாயியைக் குதிரைமேல் உட்காரவைத்துத் தவசியே இறக்கிக்கொண்டுபோய் அடிவாரத்தில் அவள் தம்பி வீட்டில் விட்டான். பத்து நாளில் அவள் முகம் பழைய நிறத்துக்கு வந்தது. இனி மேலே அவள் வர முடியாது.

அதிலிருந்து தவசியின் வாழ்க்கை ஒரு நாளுக்குள் இரண்டாக மடிந்தது. காலையில் இறங்கி மருதாயி கையால் ஒரு வாய், சாயங்காலம் ஏறி வேம்பு கையால் ஒரு வாய். ஊரில் எல்லோரும் மலைக்குப் பழகிவிட்டார்கள், குதிரைகள் பழகிவிட்டன, கோழிகள் பழகிவிட்டன, மாமிசத்தைப் பார்க்காத தெருநாய்கூட மார்பை விரித்துக்கொண்டு நடந்தது. நாற்பது வருஷமாக அந்த மலையை ஏறி இறங்குகிறவன் ஒருவனுக்குத்தான் அது பழகவில்லை.

"எப்படிப் பழகும்?" என்றாள் ரோஸ்லின். "நீங்க ஏறுனதும் ஒடம்பு மேல இருக்கதுக்குத் தயாராகும். அதுக்கு மூணு நாலு வாரம் வேணும். அதுக்குள்ள மறுநாளே எறங்குதீங்க. ஒடனே அது கீழ இருக்கதுக்குத் தயாராகும். பாவம், ஒங்க ஒடம்புக்குத் தான் எந்த ஊருன்னே தெரியல, அண்ணாச்சி."

அவன் சிரித்தான். ஆனால் இருபத்திரண்டாவது முடக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. கார்த்திகை மாதக் கடைசியில், இருபதாவது முடக்கில் அவனுக்கு இருமல் வந்தது. கையைப் பார்த்தான், லேசான ரோஜா நிறத்தில் நுரை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் அவனுக்கே கேட்டது. சிட்டு திரும்பிவந்து பாதையை மறித்துக் குறுக்காக நின்றது. அவன் அதன் விலாவில் சாய்ந்துகொண்டான், உள்ளே அதன் நெஞ்சு அவசரமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. தேடிவந்த மருமகன் துரைக்கண்ணு அவனைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்து ஊருக்குள் நடத்திவந்தான். பொதி ஏற்றுகிற குதிரையில் குதிரைக்காரன் ஏறுவது அந்த ஊரில் யாரும் பார்க்காத காட்சி.

"என்ன மாமா, ரெண்டாங் கல்யாணத்து ஊர்வலமா?" என்று துரைக்கண்ணு அழாமலிருப்பதற்காகக் கேட்டான்.

ரோஸ்லின் கேலி பேசவில்லை. ஊசி போட்டாள், நிமிர்த்தி உட்காரவைத்தாள், மூச்சு கொஞ்சம் திரும்பியதும் சொன்னாள்: "இன்னும் ஒரு மாசம் இப்படி ஏறி எறங்குனா நான் ஒங்களுக்கு மருந்துச்சீட்டு எழுத மாட்டேன், சாவுச்சீட்டுத்தான் எழுதணும். மேல இருக்கணும்னா மேல இருங்க. கீழ இருக்கணும்னா கீழ இருங்க. ஒண்ண முடிவு பண்ணுங்க."

மேலே என்றால் மருதாயி இல்லை. கீழே என்றால் வேம்பும், பிறக்கப்போகிற குழந்தையும் இல்லை. மலை மாதத்துக்கு ஒரு முடக்கு விலகிப்போய்க்கொண்டிருந்தது.

மருதாயி போனில் சொன்னாள்: "நீங்க அங்கயே இருந்துக்கங்க. புள்ளத்தாச்சிய விட்டுட்டு வருவாங்களா? எனக்கு என்ன கொறச்சல், இங்க காத்து சும்மா கெடக்கு, அள்ளி அள்ளிக் குடிக்கிறேன்."

போனை வாங்கி வைத்துவிட்டு வேம்பு சொன்னாள்: "நீ போயிருப்பா. அம்மா அங்கன ஒத்தையில மாமா வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கும்? எனக்கு இவரு இருக்காரு, ஊரு இருக்கு."

"ஆத்தாளும் மகளும் ஆளுக்கொரு பக்கம்... என்னையப் பொதி மாதிரி... தள்ளுறீங்களே" என்றான் தவசி.

மார்கழி பிறந்தது, இருபத்தாறாவது முடக்கும் பிறந்தது. அந்த வாரம் வேம்புக்குக் குழந்தை பிறந்தது. பெண். குழந்தை அழவில்லை. எல்லோரும் பயந்து குனிந்தபோது அது நிதானமாக, ஒரு பெரிய மனுஷிபோல், நீளமாக ஒரு மூச்சை இழுத்தது. அந்த மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சின்னக் குடம் போன்ற மார்பு நிறைந்து நிறைந்து, அறையில் இருந்தவர்களுக்கு அறைக்காற்றே கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருந்தது. தவசி ஐந்து தடவை மூச்சு வாங்குகிற நேரத்தில் பேத்தி ஒரு தடவை மூச்சுவிட்டாள். அவள் உதடு நாவல் நிறமாக இல்லை. அந்த உயரத்தில் அத்தனை சிவப்பான உதட்டை யாரும் பார்த்ததில்லை.

"இவ இங்கயே செஞ்ச ஆளு" என்றாள் ரோஸ்லின் மெல்ல. "இவளக் கீழ கொண்டுபோயிராதீங்க. அந்தக் காத்து இவளுக்கு ரொம்பக் கனம். நடந்து பழகுற மட்டும் மேலயே இருக்கட்டும்."

தவசி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளும் இறங்கவில்லை. அடிவாரத்தில் மருதாயி போனை எடுத்து, "யாரு மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "மூச்சு விடுறது யாரு மாதிரியும் இல்ல. மூக்கு ஒன்னய மாதிரி" என்று அவன் சொன்னான். போனை அவன் குழந்தையின் மூக்கருகே வைத்தான். அடிவாரத்தில் மருதாயி அந்த மூச்சை, ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது நாள் விடிந்தபோது ஊரில் குக்கர் விசில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. தவசி வெளியே வந்து பார்த்தான். பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வாசல்களில் நின்றுகொண்டிருந்தார்கள். பூண்டு அறுத்த படிவயல்கள் முழுக்க, மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை, மூடுபனிக்குள் சாம்பல் நிற வாத்துகள் நின்றுகொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் போட்ட வாத்துகள். நூறா ஆயிரமா என்று எண்ண முடியவில்லை. வடக்கேயிருந்து வருகிற வழியில் மலை அவற்றின் பாதைக்குள் வளர்ந்துவிட்டது. எத்தனையோ தலைமுறையாக குனிந்தும் பார்க்காமல் தாண்டிப்போன இடத்தில், இந்த வருஷம் கால்வைத்து நின்றுவிட்டன.

ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க ஊரு கொளத்து வாத்துலா இது. வரித்தலை வாத்து. வருஷா வருஷம் வரும். நான் பாவாட கட்டுன நாள்லருந்து பாக்கேன். இமயமலைக்கு அந்தாண்டயிருந்து வருதுன்னு சொல்லுவாக. இதுங்க ரத்தம் காத்தக் கண்டா விடாது, அண்ணாச்சி, இறுக்கிப் பிடிச்சுக்கிடும். இறக்கைய அடிச்சுக்கிட்டே, கத்திக்கிட்டே அம்புட்டு ஒசரத்தையும் தாண்டும்."

"தெனமும் ஏறி எறங்குமா?" என்று தவசி கேட்டான்.

"தெனமுமா? அதுகளுக்கு என்ன கிறுக்கா? மார்கழில எறங்கும், பங்குனில ஏறும். அங்க போனா அங்க இருக்கும். இங்க வந்தா இங்க இருக்கும்."

தவசி படிவயலுக்குள் இறங்கி நடந்தான். வாத்துகள் பறக்கவில்லை, ஒரு ஆள் போகிற அளவுக்கு மட்டும் விலகி, அவன் போனதும் மூடிக்கொண்டன. நடுவில் போய் நின்றான். பனி மெல்ல விலகியது. அவனைச் சுற்றி ஆயிரம் சின்ன நெஞ்சுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேல்வரப்பில் ஏழு குதிரைகள் பீப்பாய் நெஞ்சோடு ஏறி இறங்கின. வாசல்களில் அகலமான சட்டை போட்ட ஊர் ஏறி இறங்கியது. திறந்த கதவுக்குள் வேம்பின் தோளில் பேத்தியின் குட மார்பு எல்லாவற்றையும்விட மெதுவாக ஏறி, வெகுநேரம் நின்று, இறங்கியது. இத்தனை கொஞ்சக் காற்றை இத்தனை உயிர்கள் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் குறைவில்லாமல், ஒன்றும் ஒன்றைத் தள்ளாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. காலடியில் நின்ற ஒரு வாத்தின் முதுகில் கை வைத்தான். அது தலையைத் திருப்பி அவனை ஒரு கண்ணால் பார்த்தது. அதன் சிறகுக்கடியில் இத்தனை மலையைத் தாண்டி வந்த நெஞ்சு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் நெஞ்சுபோல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் மலை கொஞ்சம் அசைந்து உயர்ந்ததாகக்கூட அவனுக்குப் பட்டது. ஒரு வாத்தும் கண் இமைக்கவில்லை.

வெயில் வந்ததும் முதல் வாத்து கத்தியது. பிறகு எல்லாமும் கத்தின. ஒரே போர்வையை உதறியதுபோல் வயல் எழுந்து, ஊர்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே சரிந்து, அடிவாரத்தை நோக்கிக் கோடாக நீண்டு போனது. கடைசிப் புள்ளி மறையும்வரை தவசி அப்படியே நின்றான்.

பிறகு அவன் வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து, தான் நினைத்ததை இரைத்து இரைத்துச் சொன்னான். வேம்பு குழந்தையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

"நடுவுல அம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?" என்று கேட்டாள். "இல்ல... எனக்கு, இவளுக்கு?"

தவசி பேத்தியின் காலில் விலகிக் கிடந்த துணியை இழுத்து மூடினான்.

"உப்புக்கு என்னப்பா வழி?" என்று மன்னாடி வாசலிலிருந்தே கேட்டார்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ மொத்தமா ஏத்திக்கிடுவோம்" என்றான் துரைக்கண்ணு. "மாமாவ விடுங்க."

மார்கழியில் இறங்கி மருதாயியோடு இருப்பது, பங்குனியில் ஏறி வேம்போடும் பேத்தியோடும் இருப்பது, இடையில் எந்தப் பக்கம் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் அந்தப் பாதையில் கால்வைப்பதில்லை என்று முடிவு செய்து, தவசி அன்று மத்தியானம் இறங்கினான்.